கரிசல் சொல்லும் சரித்திரம்

மதுரையிலிருந்து தெற்கே திருநெல்வேலிக்கு ரயிலில் போகிற பிரயாணிகளை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். விருதுநகர் வரையில் சன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதவர்கள்கூடச் சாத்தூர் கழிந்ததும் சாய்ந்து உட்கார்ந்து தூங்கத் தொடங்கிவிடுவார்கள். வெளியே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுத்த நிலம், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பனைமரம், வரப்போரத்தில் உடைமரம், தூரத்தில் தனித்து நிற்கும் ஒரு குன்று. கோவில்பட்டி நிலையத்தில் வண்டி நின்றதும், கடலை மிட்டாய் விற்பவரின் குரல் கேட்டுச் சிலர் கண் விழிப்பார்கள். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மீண்டும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர்கள் அறிந்த கோவில்பட்டி அவ்வளவுதான்.

வழிப்போக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர் சிலரிடம், "உங்கள் ஊரின் சரித்திரத்தை எழுதிக் கொண்டு வாருங்கள்" என்று கேட்டேன். ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, மதுரைக்குச் சரித்திரம் உண்டு, தஞ்சாவூருக்கு உண்டு. எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? தீப்பெட்டியும் கடலை மிட்டாயுந்தானே!" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வயதில் நானும் அதே சொற்களைச் சொன்னவன். அந்த மாணவருக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

ஓர் ஊரை அறிய விரும்புகிறவர்கள் முதலில் அரண்மனையையும் கோபுரத்தையும் தேடிப் போகிறார்கள். பெரிய நகரங்களில் அது சரியான வழிதான். ஆனால் கரிசல் நாட்டில் முதலில் குனிந்து காலடியில் உள்ள மண்ணைப் பார்க்க வேண்டும். இங்கே பயிரும், வாணிகமும், வீடும், கோட்டையும், கதையும், ஏன், அந்தத் தீப்பெட்டியுங்கூட, அந்த மண் விடுத்த வினாவுக்கு மனிதர் கண்ட விடைகளே.

கரிசல் என்பது கறுப்பு மண். நிறத்தைக் கண்டு இதை உரம் மிகுந்த மண் என்று எண்ணிவிடலாகாது. தழைச்சத்து இதில் குறைவு. தக்காணத்துக் கறுப்பு மண் எரிமலைப் பாறை சிதைந்து உண்டானது. தமிழ்நாட்டில் அந்தப் பாறை இல்லை. இங்குள்ள கரிசல் வேறு பாறைகளின் சிதைவிலிருந்து தோன்றியது. ஆயினும் குணம் ஒன்றே. இதன் துகள்கள் மிக மிக நுண்ணியவை. மாண்ட்மோரில்லோனைட் என்று விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் களிமண் இதில் மிகுதி. அந்தக் களிமண் ஏடு ஏடாக அமைந்தது. நீர் பட்டால் ஏடுகளுக்கிடையே நீர் புகுந்து மண் பருத்துப் பொங்கும். வெயில் பட்டால் நீர் வெளியேறி மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் கரிசல் காட்டில் நடந்து பாருங்கள். முழங்கை வரை உள்ளே போகும் வெடிப்புகளைக் காண்பீர்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த புஞ்சையில் கோலி விளையாடுவோம். ஒருநாள் என்னுடைய நல்ல பளிங்குக் கோலி ஒன்று வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. அழுதுகொண்டு அப்பத்தாவிடம் போனேன். "அழாதே ஐயா, மழை பெய்யட்டும். கரிசல் எதையும் வைத்துக்கொள்ளாது, திருப்பித் தந்துவிடும்" என்றாள். அந்தக் கோலி திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் அப்பத்தா சொன்னது வெறும் சமாதானம் அல்ல என்பதைப் பல ஆண்டுகள் கழித்து மண்ணியல் நூல் ஒன்றைப் படித்தபோது அறிந்தேன். கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் உதிர்ந்து விழுகிறது. மழையில் அடிமண் பொங்கி மேலே நெருக்குகிறது. இப்படி ஆண்டுதோறும் மேலது கீழும் கீழது மேலுமாகப் புரள்வதால், ஆழத்தில் கிடக்கும் கற்கள்கூட மெல்ல மெல்ல மேலே வந்துவிடுகின்றன. தன்னைத் தானே உழுதுகொள்ளும் நிலம் என்று இதைச் சொல்வது இதனால்தான். எழுத்தறியாத ஒரு கிழவி அனுபவத்தால் கண்டதும், ஆராய்ச்சியாளர் சோதனையால் கண்டதும் ஒன்றாக இருந்தன.

இனி மழையைப் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத் தொடரின் அப்பக்கத்திலேயே மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாகக் கோவில்பட்டிக்கு வந்து சேர்கிறது. ஆகவே இப்பகுதி நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையைத்தான். ஆண்டு முழுவதிலும் சேர்த்து 700 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் மழை. அதிலும் பெரும்பகுதி இரண்டு மூன்று மாதங்களுக்குள் பெய்து தீர்ந்துவிடும். வற்றாத ஆறு ஒன்றும் அருகில் இல்லை. தாமிரபரணி தெற்கே வெகுதூரத்தில் ஓடுகிறது.

இந்த நிலையில் விவசாயி என்ன செய்வான்? மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருப்பான். மழை பெய்தபின் கரிசலில் கால் வைக்க முடியாது; சேறு பாதத்தில் அப்பிக்கொண்டு ஆளையே நிறுத்திவிடும். அதனால்தான் புழுதி விதைப்பு. முதல் மழை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பிறகு மண் பொங்கி வெடிப்புகளை மூடிவிடுகிறது. உள்ளே போன ஈரம் எளிதில் வெளியே போகாது. அந்த ஈரத்தையும் மார்கழிப் பனியையும் கொண்டே சோளமும் கம்பும், உளுந்தும் பாசிப் பயறும், பருத்தியும் விளைந்துவிடும். வான்மழை ஒன்றையே நம்பிய இந்த வேளாண்மைக்கு மானாவாரி என்று பெயர். மழை பொய்த்தால் விதைத்த விதையும் போயிற்று. ஒவ்வோர் ஆண்டும் கையிலுள்ள தானியத்தை மண்ணில் தூவிவிட்டு வானத்தைப் பார்க்கும் துணிவு இந்த மக்களின் இரத்தத்தில் ஊறியது.

இந்த மானாவாரி வேளாண்மையை ஆராய்வதற்காகவே 1901-ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டது. இந்தியாவின் மிகப் பழைய வறண்ட நில ஆராய்ச்சி நிலையங்களுள் அது ஒன்று. இப்போது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நடந்து வருகிறது. அங்கே உருவாக்கப்பட்ட பருத்தி, சோள வகைகள் ஊரின் பெயரைக் குறிக்கும் 'கே' என்ற எழுத்தைத் தாங்கி வெளிவந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஊர் தன் மண்ணைப் பற்றிப் பாடம் படித்து வருகிறது என்றால், அது சரித்திரம் இல்லாமல் வேறென்ன?

ஊர் வளர்ந்த கதை பருத்தியோடு பிணைந்தது. கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி இந்த மண்ணுக்கென்றே பிறந்தது போன்றது. திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரோடு அது தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்த பருத்தி நின்றது. உடனே உலகச் சந்தையில் இந்தியப் பருத்திக்கு விலை உயர்ந்தது. எங்கோ கடலுக்கப்பால் நடந்த போர் நம்முடைய கரிசல் காட்டின் வரப்பு வரை வந்து எட்டிய விந்தை இது. 1865-இல் போர் முடிந்ததும் விலை இறங்கியது. ஆனால் பருத்தி வாணிகம் வேரூன்றிவிட்டது. 1876-ஆம் ஆண்டில் தூத்துக்குடி வரை இருப்புப்பாதை அமைந்தபோது, அந்தப் பாதையில் இருந்த கோவில்பட்டி, சுற்றுப்புறக் கிராமங்களின் பருத்தி மூட்டைகள் வந்து சேரும் சந்தையாயிற்று. கொட்டை நீக்கும் ஆலைகள் வந்தன. பிறகு நூற்பாலைகள் வந்தன. லட்சுமி மில், லாயல் மில் என்னும் பெயர்கள் ஊர் மக்களின் பேச்சில் இடப்பெயர்களாகவே கலந்துவிட்டன. கோவில் இருந்த பட்டி ஆலைகள் இருக்கும் பட்டணமாக மாறியது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 95,000.

பருத்தி எல்லாரையும் வாழவைத்தது என்று சொல்ல முடியாது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய எட்டையபுரத்தில், சமஸ்தானத்தில் பணிபுரிந்த சின்னசாமி ஐயர் என்பவர் இயந்திர நுட்பங்களில் மிகுந்த ஆர்வம் கொண்டிருந்தார். தம் முதலையெல்லாம் போட்டுப் பருத்தி ஆலை ஒன்றை நிறுவ முயன்றார். முயற்சி தோற்றது; பொருள் அழிந்தது; மனமுடைந்து 1898-இல் காலமானார். அவருடைய புதல்வரே மகாகவி சுப்பிரமணிய பாரதியார். பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிற மாணவர்கள், தந்தையின் பருத்தி ஆலையையும் நினைத்துக்கொள்ள வேண்டும். இளமையிலேயே அக்கவிஞர் கண்ட வறுமைக்கும் இந்த வாணிகச் சரித்திரத்துக்கும் தொடர்பு உண்டு.

பட்டணமாக வளர்ந்த ஊருக்கு நீதிமன்றமும் வழக்கறிஞர்களும் வந்தார்கள். அவர்களுள் ஒருவரை நாம் மறக்கலாகாது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 1908-இல் சிறைசென்று, 1912-இல் விடுதலையான வ. உ. சிதம்பரனார், இழந்த வழக்கறிஞர் உரிமையைத் திரும்பப் பெற்றபின் 1920-களில் இந்தக் கோவில்பட்டியில்தான் தொழில் நடத்தினார். அவர் நடந்து போன தெருக்களில்தான் அந்த மாணவரும் தினமும் நடந்து போகிறார்.

இனிக் கட்டடங்களைப் பற்றிச் சொல்கிறேன். ஊருக்குப் பெயர் தந்த கோவில் செண்பகவல்லி அம்மன் கோவில். மூலவர் பூவனநாதர், ஆனால் ஊரார் அம்மன் பெயரைச் சொல்லியே கோவிலைக் குறிப்பிடுவது வழக்கம். அகத்தியர் பெயரால் தீர்த்தமும் உண்டு. இந்தப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். பூ, வனம், செண்பகம், தீர்த்தம் ஆகிய நான்குமே கரிசலில் அரியவை. வறண்ட நிலத்து மக்கள் தங்கள் தெய்வத்துக்குச் சோலையின் பெயரையும் தண்ணீரின் பெயரையும் சூட்டி வணங்கியிருக்கிறார்கள். எது அருமையோ அதுவே தெய்வத்தின் பெயராயிற்று என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

வீடுகளுக்கு வருவோம். பொங்கிச் சுருங்கும் மண்ணின்மேல் வீடு கட்டுவது எளிதன்று. அடித்தளம் ஆழம் குறைந்ததாயின் ஒரு மழைக்கு மேலெழும்பும், ஒரு வெயிலுக்குக் கீழிறங்கும். சுவர் மூலைக்கு மூலை கீறிவிடும். ஆகையால் கரிசல் முழுவதையும் தோண்டியெடுத்து, அடியிலுள்ள கெட்டித் தளம் தென்படும் வரை போய், அங்கிருந்து கல் வைத்து எழுப்புவார்கள். பள்ளத்தில் மணலோ சரளையோ நிரப்புவார்கள். வீடு கட்டும் செலவில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். இக்காலப் பொறியியலாளர்கள், நிலத்தடியில் குமிழ் போல் விரிந்த அடிப்பாகமுடைய சிமென்டுத் தூண்களை இறக்கி அவற்றின்மேல் வீட்டை நிறுத்துகிறார்கள். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த முறை இது. ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணை விட்டுவிட்டு, எப்போதும் ஒரே நிலையில் இருக்கும் அடிமண்ணைப் பற்றிக்கொள்வதே இதன் தத்துவம். பழைய கொத்தனாரின் எண்ணமும் இதுவே.

பழைய வீடுகளின் சுவர்கள் தடித்தவை, சன்னல்கள் சிறியவை. வெயிலை வெளியே நிறுத்துவதற்காக அப்படிக் கட்டினார்கள். மேலே மட்டப்பா. உள்ளே தானியம் சேமிக்கும் மண் குலுக்கை. ஓராண்டு விளைவு இரண்டாண்டுக்குக் காணவேண்டும் என்ற அச்சத்தில் பிறந்தது அந்தக் குலுக்கை. ஊர்ப்புறத்தில் ஒரு பழைய வீட்டில் உடையாத குலுக்கை ஒன்றைக் கண்டால் நின்று பாருங்கள். பஞ்ச காலத்தை நினைவில் வைத்துக் கட்டிய வீடு அது.

சிற்பக் கலையைக் காண வேண்டுமானால் மேற்கே கழுகுமலைக்குப் போக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சமவெளியில் தனித்து எழுந்த பாறைக் குன்று அது. அதன்மேல் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவில் இருக்கிறது. பாறையை நாற்புறமும் ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்கு வெட்டி, நடுவில் நின்ற கல்லையே கோவிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிய வேலை. எல்லோராவில் உள்ள கைலாசநாதர் கோவிலும் ஏறக்குறைய அதே நூற்றாண்டில், அதே முறையில் ஆனது. விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கும் கோலத்தில் அமர்ந்திருக்கிறார். இது வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத காட்சி. ஆனால் கோவில் முற்றுப்பெறவில்லை. மேற்பகுதி நிறைந்த அழகுடன் விளங்க, அடிப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கிறது. ஏன் நின்றது என்பதற்கு ஊரில் கதைகள் உண்டு. மாணவர்களுக்கு நான் சொல்வது வேறு. முடிந்த கோவிலில் சிற்பியின் வேலைமுறை மறைந்துவிடும். முடியாத கோவிலில் அது வெளிப்படையாகத் தெரியும். உளி எங்கே நின்றது, அடுத்து எங்கே போக இருந்தது என்பதைக் கல்லைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

அதே குன்றின் மற்றொரு பக்கத்தில் சமண தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவற்றில் ஆசிரியர்களும் மாணாக்கர்களும் பெயர் சுட்டப்படுகிறார்கள். குரத்தியர் என்று வழங்கிய பெண் ஆசிரியர்களும் சுட்டப்படுகிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, இந்த வறண்ட நாட்டில் ஒரு குன்றின்மேல் பெண்கள் ஆசிரியராக விளங்கினார்கள் என்பதற்குக் கல்லே சாட்சி. சரித்திரம் இல்லை என்று சொன்ன மாணவரின் வீட்டிலிருந்து அந்தக் குன்றுக்கு அரை மணி நேரப் பேருந்துப் பிரயாணம்.

கல்லில் முடியாத கோவிலைப் போல, மண்ணில் நிற்காத கோட்டை ஒன்றும் உண்டு. அது ஓட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சி. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் தகர்க்கப்பட்டது. 1801-இல் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, தகர்ந்த கோட்டையைச் சில நாட்களுக்குள் மண்ணாலேயே மீண்டும் எழுப்பினார். அந்த மண் கோட்டை மார்ச்சு மாதத்தில் கும்பினிப் படையின் தாக்குதலைத் தாங்கி நின்றது. மே மாதத்தில் பெரும்படை வந்த பிறகே வீழ்ந்தது. இப்போது அங்கே நாம் காண்பது 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. உண்மைக் கோட்டை மண்ணிலிருந்து எழுந்து மண்ணோடு கலந்துவிட்டது.

எட்டையபுரத்தை மறுபடியும் நினைவுபடுத்த வேண்டும். அந்தச் சிற்றூரில் மூன்று பெருமக்களின் நினைவிடங்கள் அருகருகே உள்ளன. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அங்கே அடங்கியிருக்கிறார். சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் அங்கேதான் மறைந்தார். 1947-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இராஜாஜி திறந்து வைத்த பாரதி மணிமண்டபமும் அங்கேதான் உள்ளது. பொது மக்களிடம் நிதி திரட்டி அதை எழுப்ப முன்னின்றவர் கல்கி. உமறுப் புலவரோ, எட்டையபுரத்து அவைக்களப் புலவரான கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர். இஸ்லாமியக் காப்பியம் பாடியவருக்கு இந்துப் புலவர் ஆசான். தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் தொகுத்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல் 1904-இல் எட்டையபுரத்திலேயே அச்சாயிற்று. சென்னையிலோ தஞ்சையிலோ அன்று. மழைக்கு ஏங்கும் நிலத்தின் நடுவே இசைக் குறிகளை அச்சுக்கோத்த அந்த அச்சுக்கூடத்தை எண்ணினால் எனக்கு எப்போதும் வியப்பு உண்டாகும்.

தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் வருகிறேன். 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்தத் தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவியது. குச்சிக்கு வேண்டிய மரம் கேரளத்திலிருந்து வந்தது. பொட்டாசியம் குளோரேட்டு, செம்பாஸ்பரசு முதலிய மருந்துகளும் வெளியிலிருந்து வந்தவை. பின் இந்த மண் கொடுத்தது என்ன? குச்சியை உலர்த்தும் வெயிலும் ஈரமற்ற காற்றும் முதலாவது. மழை இல்லாத மாதங்களில் காட்டு வேலை அற்றுப்போய்ச் சும்மா இருக்க முடியாத கைகள் இரண்டாவது. அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று ஊரார் சொல்லும் அந்தக் கொட்டகைகளில் கட்டை அடுக்கியும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியும் அவர்கள் குடும்பங்களைக் காத்தார்கள்.

அந்தக் கைகளில் குழந்தைகளின் கைகளும் இருந்தன என்பதை மறைக்கலாகாது. விடியுமுன் எழுந்து தொழிற்சாலை வண்டியில் ஏறிப்போன சிறுமிகளை நான் கண்டிருக்கிறேன். என்னோடு நான்காம் வகுப்பில் படித்தவர்களில் சிலர் ஐந்தாம் வகுப்புக்கு வரவில்லை. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளிகளின் பெருக்கமும், இயந்திரங்களின் வருகையும் சேர்ந்து அந்த நிலையைப் பெரிதும் மாற்றின. ஊரின் பெருமையைப் பேசுகிறவன் ஊரின் வலியையும் பேச வேண்டும். இல்லையேல் அது சரித்திரம் ஆகாது, விளம்பரம் ஆகிவிடும்.

கடலை மிட்டாயும் இப்படிப்பட்டதே. மானாவாரியில் விளைந்த நிலக்கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்த பண்டம் அது. 2020-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தாமிரபரணித் தண்ணீர் என்றேன். சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக அது ஊருக்கு வந்து சேர்வதற்கு முன், குடிதண்ணீருக்காகக் குடத்தோடு காத்துநின்ற இரவுகளை இன்றும் வயதான தாய்மார்கள் சொல்வார்கள். உங்கள் கையிலுள்ள ஒரு துண்டு மிட்டாயில் இந்த நாட்டின் பூகோளமே அடங்கியிருக்கிறது.

இறுதியாக மொழி. கோவில்பட்டிக்குத் தெற்கேயுள்ள இடைசெவல் என்னும் சிற்றூரில் கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என்னும் இரு நண்பர்கள் தோன்றினார்கள். இருவரும் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றவர்கள். பின்னர் பூமணி 2014-இலும், சோ. தர்மன் 2019-இலும் அப்பரிசைப் பெற்றார்கள். தர்மனின் 'சூல்' கண்மாய்களின் கதை. மடையும் கலுங்கும் கரையும் காத்து வந்த ஒரு கிராமத்து வாழ்வு எப்படிச் சிதைந்தது என்று சொல்லும் நாவல் அது. ஒரே வட்டாரத்துக்கு நான்கு பரிசுகள்! கி. ராஜநாராயணன் கதைகள் எழுதியதோடு நிற்காமல், கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களைத் தேடித் தொகுத்து ஓர் அகராதியும் வெளியிட்டார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை, பள்ளிப் படிப்பையே முழுதும் முடிக்காத ஒரு விவசாயி செய்து முடித்தார்.

அந்த அகராதியைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. என் அப்பத்தா மழையை ஒரே பெயரால் சொன்னதில்லை. பெய்யும் விதத்துக்கு ஒரு பெயர், பெய்யும் மாதத்துக்கு ஒரு பெயர், மண்ணில் இறங்கும் ஆழத்துக்கு ஒரு பெயர் என்று வகைவகையாகச் சொல்லுவாள். மண்ணுக்கும் மேகத்துக்கும் அப்படியே. அவற்றில் நான்கைந்து சொற்களே இன்று எனக்கு நினைவிருக்கின்றன. அவள் இருந்தபோது நான் பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வரும்போது பெரிய நகரங்களின் சரித்திரப் புத்தகங்களைக் கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்து படிப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பருத்தி எடுத்துக்கொண்டிருப்பாள். ஒருநாளாவது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவளிடம் கேட்டேனா? இல்லை. குலுக்கை நிறைய இருந்த தானியம் என் கண்ணெதிரே கொட்டிப் போயிற்று. மறுபடியும் அதை எங்கே போய் அள்ளுவது?

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரைச் சுற்றி வாருங்கள். முதலில் மண்ணைப் பாருங்கள்; அது எந்த நிறம், வெயிலில் என்ன ஆகிறது, மழையில் என்ன ஆகிறது என்று எழுதுங்கள். பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது, முன்பு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஊர்க் கண்மாய்க்குப் போய் மடை எங்கே, கலுங்கு எங்கே என்று தேடுங்கள். சீமைக் கருவேல் மூடிக் கிடந்தால் அதையும் எழுதுங்கள். பழைய வீடு ஒன்றின் சுவரை அளந்து பாருங்கள். ஒரு தீப்பெட்டித் தொழிலாளியிடமும் ஒரு விவசாயியிடமும் அவர்கள் வேலையில் வழங்கும் சொற்களைக் கேட்டு, அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். தேதியைப் போடுங்கள். சொன்னவர் வயதைப் போடுங்கள். ஆராய்ச்சி என்பது இவ்வளவு எளிதாகத்தான் தொடங்குகிறது.

இன்று கயத்தாற்றுப் பக்கம் போனால், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட மண்ணுக்கு மேலே காற்றாலைகள் சுழல்வதைக் காணலாம். மழையைக் கொண்டுவராத வெறுங்காற்று என்று நம் முன்னோர் நொந்துகொண்ட அதே காற்று இப்போது மின்சாரம் தருகிறது. கரிசல் நாட்டின் சரித்திரம் முடிந்துவிடவில்லை, நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அதன் முற்பகுதியை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பத்தாவோ தாத்தாவோ இன்னும் உட்கார்ந்திருந்தால், நீங்கள் பாக்கியசாலிகள். இன்று மாலையே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மழைக்கு எத்தனை பெயர் என்று கேளுங்கள்.